பால்குடி மறக்காத முயல் குட்டியை வாங்காதீங்க... விற்காதீங்க!

நெய்வேலியிலிருந்து ஓர் இல்லத்தரசி எழுதுவது.

முழுப் பரீட்சை லீவு விட்டால் போதும், எங்கள் டவுன்ஷிப் பிள்ளைகளுக்கு முயல் குட்டி ஆசை வந்துவிடும். பஜார் ஓரத்தில் கூடையில் வைத்து விற்கிறார்கள். உள்ளங்கையில் அடங்குகிற குட்டி, பஞ்சுப் பொதி மாதிரி! 'சின்னதா வாங்கினாத்தான் நம்மகிட்ட ஒட்டிக்கும்' என்று நாமும் ஜோடியாக வாங்கி வருகிறோம். ஒரு வாரம் பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். அப்புறம் ஒருநாள் தீனி எடுக்காமல் முடங்கும். மறுநாள் பேதி. அதற்கு மறுநாள் குட்டி இருக்காது. பிள்ளை சாப்பிடாமல் அழும். 'நம்ம வீட்டுக்கு முயல் ராசியில்லை', 'எவளோ கண்ணு வச்சிட்டா' என்று பெரியவர்கள் பேசி முடித்துவிடுவார்கள்.

ராசியும் இல்லை, கண்ணும் இல்லை. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். பால் மறக்காத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துவிட்டார்கள்!

அதனால் என் கருத்தைப் பட்டென்று சொல்லிவிடுகிறேன். பிறந்து 6 வாரம், அதாவது 42 நாள் ஆகாத முயல் குட்டியை யாரும் விற்கவும் கூடாது, யாரும் வாங்கவும் கூடாது. பெரிய பண்ணைகளில் 28 நாளிலும் 35 நாளிலும் பிரிக்கிறார்கள், உண்மைதான். அங்கே அதற்கென்று தயாரித்த குச்சித் தீவனம், தனிக் கூண்டு, கூப்பிட்டால் வருகிற டாக்டர் எல்லாம் உண்டு. நம்ம வீட்டுக் கொல்லையில் அதெல்லாம் இல்லை. நமக்கு 42 நாள்தான் பத்திரம்.

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள்தான். குவார்ட்டர்ஸ் பின்பக்கம் கூண்டு போட்டுச் சில வருடங்களாக முயல் வளர்க்கிறேன். வீட்டுக்காரர் ஷிப்டுக்குப் போனபின் கிடைக்கிற நேரத்தில் செய்கிற வேலை இது. பெரிய வருமானம் என்று சொல்ல மாட்டேன். ஆனால், பிள்ளைகளின் நோட்டுப் புத்தகச் செலவுக்கு யார் கையையும் எதிர்பார்ப்பதில்லை. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

முயல் தாய்மை எப்படி என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 31 நாள் சுமந்து குட்டி போடும். குட்டி பிறக்கும்போது முடி இருக்காது, கண் திறந்திருக்காது. 10, 12 நாளில் கண் திறக்கும். தாய் தன் உடம்பு முடியையே பிய்த்து மெத்தை போட்டுக் குட்டிகளை மூடி வைக்கும். பால் கொடுப்பதோ பெரும்பாலும் ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவை. அதுவும் ராத்திரியிலோ விடியற்காலையிலோ சில நிமிடம்தான்! நம் வீட்டு முயலின் முன்னோர், ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்தில் மண்ணில் வளை தோண்டி வாழ்ந்த காட்டு முயல்கள். அடிக்கடி வளைக்குப் போனால் எதிரி மோப்பம் பிடித்துவிடும் என்று வந்த பழக்கம் இது.

இது தெரியாமல், 'தாய் குட்டியைக் கவனிக்கவே இல்லை, பாலே கொடுக்கலை' என்று சொல்லிக் குட்டியைப் பிரித்துப் பசும்பால் புகட்டுகிறவர்கள் எத்தனை பேர்! குட்டியின் வயிற்றைப் பாருங்கள். உருண்டையாக, நிறைந்து இருந்தால் பால் குடித்திருக்கிறது என்று அர்த்தம். வயிறு ஒட்டித் தோல் சுருங்கியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

மூன்றாவது வாரம் குட்டி பெட்டியை விட்டு வெளியே வந்து தாயின் தீனியைக் கொறிக்க ஆரம்பிக்கும். ஆபத்தான கட்டமும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. 'அதான் புல் திங்குதே, இனி பால் எதுக்கு?' என்று இந்த நேரத்தில்தான் கூடையில் போட்டு விற்கிறார்கள். நம் பிள்ளைக்கு ஆறாம் மாதம் சோறு ஊட்டுகிறோம். அன்றைக்கே தாய்ப்பாலை நிறுத்தி விடுகிறோமா? இல்லையே! சோறும் பாலுமாகக் கொஞ்ச காலம் போகிறது. முயலுக்கும் அப்படித்தான். மூன்றாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம் வரை பாலும் தழையும் சேர்ந்து போக வேண்டும்.

ஏன் என்று கேட்பீர்கள். வளர்ந்த முயலின் இரைப்பையில் புளிப்பு அமிலம் கடுமையாக இருக்கும். தீனியோடு போகிற கிருமி அதில் செத்துவிடும். பால் குடிக்கிற குட்டிக்கு அந்தப் புளிப்பு இன்னும் வந்திருக்காது. அதற்குப் பதிலாகத் தாய்ப்பாலிலிருந்து வயிற்றில் உண்டாகும் ஒருவகைக் கொழுப்பு அமிலம் கிருமியை அடக்கி வைக்கிறது. பாலைத் திடீரென்று நிறுத்தினால் அந்தக் காவலும் போச்சு, புளிப்புக் காவலும் வரவில்லை. கதவு இரண்டு பக்கமும் திறந்து கிடக்கிற வீடு மாதிரி! அந்த நேரத்தில்தான் கெட்ட கிருமிகள் குடலில் குடியேறுகின்றன.

இன்னொரு விஷயமும் உண்டு. முயலின் சிறுகுடலும் பெருங்குடலும் சேருகிற இடத்தில் ஒரு பெரிய பை இருக்கிறது. நார்ச்சத்தை அங்கே நல்ல கிருமிகள்தான் புளிக்க வைத்துச் சத்தாக மாற்றித் தருகின்றன. நாம் தோசை மாவு புளிக்க வைக்கிறோமே, அது போல. அந்தச் சத்து மெத்தென்ற தனிப் புழுக்கையாக வெளியே வரும். முயல் அதை உடனே வாய் வைத்துத் தின்றுவிடும். அருவருப்பு வேண்டாம், அது அதன் இயற்கை. குட்டி தாயின் புழுக்கையைக் கொறித்து நல்ல கிருமிகளைச் சேர்த்துக்கொள்வதும் தாயோடு இருக்கிற இந்த வாரங்களில்தான். 20 நாளில் பிரித்த குட்டிக்கு அந்தச் சொத்து முழுசாகக் கிடைப்பதில்லை.

சரி, பால் எப்படி மறக்கடிப்பது? நான் செய்கிறபடி சொல்கிறேன்.

குட்டியை எடுக்காதீர்கள், தாயை எடுங்கள்! ஆறாவது வாரம் தாயை வேறு கூண்டுக்கு மாற்றிவிட்டு, குட்டிகளைப் பழகிய கூண்டிலேயே ஒன்றாக விட்டு வையுங்கள். தாய் போன துக்கம் ஒன்று போதும். இடமும் மாறி, கூடப் பிறந்ததும் பிரிந்து, தீனியும் மாறினால் அந்தச் சின்ன உடம்பு தாங்காது. ஒரு வாரமாவது அப்படியே இருக்கட்டும். இந்த ஒரு வாரம் எந்தக் குட்டியையும் விற்க வேண்டாம். ஆண், பெண் பிரிப்பது மூன்றாம் மாதத்துக்குள் செய்தால் போதும்.

தீனியை மாற்றவே கூடாது. தாயோடு இருந்தபோது என்ன தின்றதோ அதையே கொடுங்கள். புதிதாக ஒன்று கொடுக்க வேண்டுமென்றால் பழையதோடு ஒரு சிட்டிகை, அடுத்த நாள் கொஞ்சம் கூட என்று பத்து நாளில் மாற்ற வேண்டும். அருகம்புல், வேலிமசால், குதிரைமசால், அகத்தி, கல்யாண முருங்கை இலை எல்லாம் முயலுக்கு ஆகும். முயல்மசால் என்று ஒரு தீவனப் பயிருக்குப் பெயரே இருக்கிறது! புல்தான் முக்கியம், காய்ந்த புல் எப்போதும் கூண்டில் கிடக்க வேண்டும். தழையைக் கழுவினால் ஈரம் போக நிழலில் உலர்த்திப் போடுங்கள். குவித்து வைத்துச் சூடேறிய தழையும், அழுகின கீரையும் விஷம்.

தவிடு, மக்காச்சோளம், கடலைப் பிண்ணாக்கு கலந்த தீவனம் கொஞ்சமாகத்தான். பிண்ணாக்கில் பூஞ்சை வாடை அடித்தால் காசு போனாலும் தூக்கி எறியுங்கள். மிச்சமான சோறு, இட்லி, பிரட், பிஸ்கட்... வேண்டவே வேண்டாம்! மாவுச்சத்து அதிகமாகி நார் குறைந்தால் குட்டியின் குடலில் கெட்ட கிருமி பெருகிவிடும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர் இலை சும்மா கிடைக்கிறதே என்று மார்க்கெட்டிலிருந்து அள்ளி வந்து போடுவதும் இந்த வயதில் வயிறு உப்ப வைக்கும். முயலுக்கு வாந்தி எடுக்கத் தெரியாது. உள்ளே போனது போனதுதான்!

'முயல் தண்ணி குடிக்காது, குடிச்சா செத்துடும்' என்று ஒரு பேச்சு ஊர் முழுக்க இருக்கிறது. இதைவிடப் பெரிய பொய் கிடையாது. தாய்ப்பால் நின்றபின் தண்ணீரும் இல்லையென்றால் அது எதைக் குடிக்கும்? கவிழாத கனமான மண் சட்டியில் நல்ல தண்ணீர் எந்நேரமும் இருக்க வேண்டும். தினமும் சட்டியைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

சுத்தம் சோறு போடும் என்பார்கள். இங்கே சுத்தம் உயிரே காக்கும். காக்சிடியா என்று கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி ஒன்று குடலையும் ஈரலையும் அரிக்கிறது. தாய் முயல் நோய் காட்டாமலே அதைச் சுமந்து கொண்டிருக்கும், குட்டிதான் விழும். புழுக்கையோடு வெளியே வரும் அதன் முட்டை உடனே நோய் தராது. ஈரமும் சூடும் கிடைத்தால் ஓரிரு நாளில் முற்றித்தான் ஆபத்தாகிறது. ஆக, தினம் தினம் புழுக்கையை அகற்றிக் கூண்டை உலர வைத்தால் பாதி நோய் போயிற்று! அடியில் கம்பி வலை போட்ட கூண்டு நல்லது, புழுக்கை கீழே விழுந்துவிடும். தீனியைத் தரையில் கொட்டாமல் பக்கத்தில் தொங்கவிடுங்கள்.

குட்டி கூனிக்கொண்டு உட்காருவது, பல்லை நறநறவென்று கடிப்பது, வயிறு உப்புவது, பின்பக்கம் ஈரமாக இருப்பது, கோழை மாதிரி கழிவது... இதில் ஒன்றைக் கண்டாலும் அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்றால் நாளைக்குக் குட்டி இருக்காது. நோயுற்றதைத் தனியே வைத்து, தவிட்டுத் தீவனத்தை நிறுத்தி, காய்ந்த புல்லும் தண்ணீரும் மட்டும் வையுங்கள். கால்நடை ஆம்புலன்சுக்கு 1962 என்ற எண் இருக்கிறது.

இந்த இடத்தில் தயவுசெய்து கவனியுங்கள் சகோதரிகளே! வீட்டில் குழந்தைக்கு வாங்கிய ஆன்டிபயாடிக் சிரப் மிச்சம் இருக்கிறதே என்று முயலுக்கு ஊற்றிவிடாதீர்கள். அமாக்ஸிஸிலின், ஆம்பிசிலின், பெனிசிலின் போன்றவற்றை வாய் வழியாகக் கொடுத்தால், நான் சொன்னேனே அந்தப் பையிலிருக்கும் நல்ல கிருமிகள் செத்து, கெட்டது பெருகி, முயலே செத்துவிடும். நம் பிள்ளைக்கு மருந்தாவது முயலுக்கு நஞ்சு. எந்த மருந்தானாலும் கால்நடை டாக்டர் சொல்லித்தான்.

அப்புறம் எங்கள் ஊர் வெயில்! முயல் குளிர்ச்சியான இடத்துப் பிராணி. நம் மாநிலத்தில் முயல் ஆராய்ச்சி பேர் பெற்றதே மலைகளில்தான். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. நீலகிரியில் சாண்டிநல்லாவில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் நிலையம் இருக்கிறது. ஒயிட் ஜெயண்ட், சோவியத் சின்சில்லா எல்லாம் அங்கே சுகமாக வளரும். நெய்வேலியில் அக்னி நட்சத்திரத்தில் நமக்கே மூச்சு முட்டுகிறது. முயலுக்கு நம்மைப்போல வியர்க்கவும் வியர்க்காது. 35 டிகிரிக்கு மேல் போனால் அதற்குக் கஷ்டம்தான். வேப்ப மர நிழலில் கூண்டை வைத்து, மேலே ஓலை போட்டு, மதியம் நனைத்த சாக்கைச் சுற்றித் தொங்கவிட்டால் ஓரளவு தாங்கும்.

இதையும் பால் மறக்கடிப்பதையும் சேர்த்துப் பாருங்கள். பிள்ளைகளுக்கு லீவு மே மாதம். வெயில் உச்சியும் மே மாதம். தாயைப் பிரிந்த வேதனை, புதுத் தீனி, கொளுத்துகிற வெயில், போதாக்குறைக்கு நாலு பிள்ளைகள் மாற்றி மாற்றித் தூக்கிக் கொஞ்சுவது... எந்தக் குட்டி பிழைக்கும்? என்னைக் கேட்டால் மே மாதம் முயல் வாங்கவே வேண்டாம். ஆடி போய் ஆவணி வரட்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். காத்திருக்கப் பழகுவதும் நல்லதுதானே!

'இதெல்லாம் பேசறதுக்கு நல்லாத்தான் இருக்கு, ரெண்டு வாரம் கூட வச்சிருந்தா தீனிக்கு யார் காசு குடுப்பா?' என்று விற்கிற சகோதரிகள் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. என்னைப்போல நாலு காசு பார்க்கத்தான் அவர்களும் வளர்க்கிறார்கள். ஆனால், கொஞ்சம் யோசியுங்கள். குட்டி தின்பதில் பெரும்பங்கு புல்லும் தழையும்தான். கொல்லையில் நாலு அகத்திக் கன்று, ஒரு பாத்தி வேலிமசால் இருந்தால் அந்த இரண்டு வாரச் செலவு பெரிதில்லை. வேண்டுமானால் குட்டிக்கு 50 ரூபாய் கூடக் கேளுங்கள். செத்துப்போகாத குட்டிக்கு எந்தத் தாயும் சந்தோஷமாகக் கொடுப்பாள். குட்டி செத்த வீட்டுக்காரி மறுபடி உங்களிடம் வருவாளா? தன் தெருவில் நாலு பேரிடம் சொல்லாமல் இருப்பாளா? சீக்கிரம் விற்றால் ஒருமுறை லாபம், பொறுத்து விற்றால் வருடா வருடம் லாபம்.

தாயை உடனே மறுபடி இணை சேர்க்க வேண்டும் என்ற அவசரத்தில் குட்டியைப் பிரிக்கிறவர்களும் உண்டு. பெற்ற உடம்பு தேற நாள் வேண்டாமா? நமக்குத் தெரியாததா இது!

குட்டியை விற்கும்போது ஒரு காரியம் செய்யுங்கள். அது தின்று பழகிய தீவனம் ஒரு வாரத்துக்கு ஒரு பையில் போட்டுக் கொடுத்து, பிறந்த தேதியைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும்போது அவளுக்குப் பிடித்ததைக் கட்டிக் கொடுத்து அனுப்புவதில்லையா? அது மாதிரி!

வாங்குகிற சகோதரிகளே, நீங்கள் கேட்க வேண்டியது மூன்றே கேள்வி. எத்தனை நாள் குட்டி? தாயைப் பிரித்து எத்தனை நாள் ஆச்சு? என்ன தின்கிறது? பதில் சொல்லாமல் மழுப்பினால் வாங்காமல் வந்துவிடுங்கள். பாவமாக இருக்கிறதே என்று வாங்கினால், அவர் நாளைக்கு இன்னும் பத்துக் குட்டியைத் தாயிடமிருந்து பிடுங்கி வருவார். வாங்குகிற கை நின்றால்தான் பிடுங்குகிற கை நிற்கும். பின்பக்கம் சுத்தமாக, கண் தெளிவாக, துறுதுறுவென்று இருக்கிற குட்டியாகப் பாருங்கள். காதைப் பிடித்துத் தூக்குகிறவரிடம் எதையும் வாங்காதீர்கள்!

செல்லப்பிராணிக் கடைகளுக்கு மத்திய அரசு 2018-ல் விதிமுறை கொண்டு வந்தது. கடைக்காரர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். நல்ல காரியம். ஆனால், சாலையோரக் கூடைக்கு யார் போய்ச் சட்டம் சொல்வது? அதை வாங்க வருகிற நாம்தான் சொல்ல வேண்டும். அதேபோல, முந்திரிக் காட்டில் பிடித்தது என்று காட்டு முயல் குட்டியைக் கொண்டு வந்தால் தொடவே தொடாதீர்கள். அது வேறு இனம், பிறக்கும்போதே முடியும் திறந்த கண்ணுமாகப் பிறக்கும். 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம்.

புதிதாக வளர்க்க நினைக்கிறவர்கள் யாரோ சொன்னார்கள் என்று ஆரம்பிக்காமல், கற்றுக்கொண்டு ஆரம்பிப்பது நல்லது. எங்கள் பக்கத்துக்குக் கடலூரில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் இருக்கிறது. விருத்தாசலத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. வெட்கப்படாமல் போய்க் கேளுங்கள். நம் கையெழுத்து அழகாக இருக்கிறதா, எத்தனையாவது படித்தோம் என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை.

ஜீவகாருண்யம் சொன்ன வள்ளலாரின் வடலூர் எங்களுக்குக் கூப்பிடு தூரம். ஆனால், இதற்குப் பெரிய ஞானம் எதுவும் வேண்டாம். பால் குடிக்கிற குழந்தையைத் தாய் மடியிலிருந்து பிடுங்கக் கூடாது என்பது பெற்றவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வாயில்லா ஜீவனுக்கும் அதே 42 நாள் மடியைக் கொடுப்போம். அவ்வளவுதான் நான் கேட்பது.

என்ன சகோதரிகளே, நான் சொல்வது சரிதானே? முயல் வளர்க்கும் மற்ற ஊர் சகோதரிகளும் தங்கள் அனுபவத்தை எழுதுங்களேன்!

— ஓர் இல்லத்தரசி, நெய்வேலி.